இஞ்ஞாசியம்மாளுக்கு வந்த முகம்

சூசையப்பர்குடியில் ஆண்டவருடைய முகம் முதன்முதலாக வந்து இறங்கியது இஞ்ஞாசியம்மாளிடத்தில்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மத்தியானத்தில், உப்பளத்திலிருந்து வெந்துபோய் வந்து சாப்பிட உட்கார்ந்த அவள் புருஷன் தொம்மை, தட்டில் மீன் இல்லாமல் வெறும் ரசச்சோறு விழுந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டான். கல்யாணமான வருஷத்திலிருந்து அவன் விட்டுக்கொண்டிருந்த அறைகளில் அது பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. ஆனால் அறை வாங்கி ஒரு பக்கம் போன முகம் திரும்பி வந்தபோது, அது இஞ்ஞாசியுடைய முகமாகத் திரும்பி வரவில்லை. கோயில் நடுப்பீடத்தில் சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்தின் முகமாக, இடது கண் முழுக்க மூடாமல் ஒரு நெல்மணி அளவுக்குத் திறந்து, கீழுதடு வெடித்து, கரையான் தின்ற வலது கன்னம் சற்றே குழிந்து, அந்த மரச் சுரூபத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. மரம் மட்டும் சதையாகியிருந்தது.

புளி கேட்டு வந்து வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக் கித்தேரியம்மாள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு முழந்தாளிட்டாள். தொம்மையும் முழந்தாளிட்டான். இஞ்ஞாசி மட்டும் என்ன ஏதென்று தெரியாமல், எரிகிற கன்னத்தைப் பொத்திக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன மதினி? கிண்ணம் உடைஞ்சுட்டா?"

"பேசாதேயும் ஆண்டவரே," என்றாள் கித்தேரியம்மாள். "நான் பாவி."

ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் அந்த முகம் இருந்தது. பிறகு தண்ணீரில் போட்ட உப்புக்கல் மாதிரி ஓரங்களிலிருந்து கரைந்து போய், கன்னம் வீங்கிய இஞ்ஞாசி வெளியே வந்தாள். கித்தேரியம்மாள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, புளியையும் மறந்து, தெருவில் இறங்கி ஓடினாள். இஞ்ஞாசி கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது அவள்தான்.

அதன் பிறகு ஊரில் யார் யாரை அடித்தாலும் அடிபட்டவருக்கு அந்த முகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிய பிள்ளைக்கு வந்தது. சாராயக் கடை வாசலில் உருண்டவர்களில் கீழே கிடந்தவனுக்கு வந்தது. ஆள் புரண்டு மேலே இருந்தவன் கீழே போனதும் அவனுக்கு வந்தது. மருமகளுக்கு வந்தது, மாமியாருக்கும் வந்தது. உப்பளத்தில் மூட்டை சுமக்க வந்திருந்த வெளியூர்க்காரன் ஒருவன், சாமி பேரே வேறு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தவன், கங்காணியிடம் அடிபட்டபோது திருநீற்றுக்குக் கீழே அதே முகம் வந்தது. சந்தேகப்பட்டவர்கள் நாயைக் கல்லால் எறிந்து பார்த்தார்கள்; நாய் நாயாகவே ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. வண்டி மாட்டைத் தார்க்குச்சியால் குத்திப் பார்த்தார்கள். மாடு மாடாகவே நின்றது. மனுஷருக்கு மட்டும்தான் என்று தெரிந்துகொண்டார்கள். யாரும் அதைப் பற்றி அதற்குமேல் ஆச்சரியப்படவில்லை.

பங்குச் சாமியாரான பங்கிராஸ் அடிகள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இதைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். மெல்லிய குரல்காரர், யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். "ஆண்டவர் மனுஷனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம் பண்ணிக் கொடுக்கிறோம். மனப்பாடம் பண்ணினதை மறந்துபோனோம். அதனால் அவர் காட்டித் தருகிறார். இது புதுமை அல்ல பிள்ளைகளே, ஞாபகப்படுத்தல். இனிமேல் கை ஓங்காதீர்கள்," என்றார். எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். சில பெண்கள் அழுதார்கள்.

கொஞ்ச நாள் ஊரில் யாரும் கை ஓங்கவில்லை. சூசையப்பர்குடி அந்த மாதிரி அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. புருஷன்மார் கோபம் வந்தால் வெளியே போய்ப் பாத்திக்கரையில் நின்று கடலைப் பார்த்துத் திட்டினார்கள். வாத்தியார் பிரம்பைப் பரணில் போட்டார். கங்காணி வாயால் மட்டும் அதிகாரம் பண்ணிப் பழகினான். இஞ்ஞாசி அந்த நாட்களில்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் தோளைக் குறுக்காமல் பாத்திரம் விளக்கினாள். ஒருநாள் உலை கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் தன்னையறியாமல் பாட்டு ஒன்றை முனகினாள், முனகியதைக் கேட்டுத் தானே பயந்துபோய் நிறுத்தினாள்.

ஆனால் எதுவும் பழகிவிடுகிறது. யார் முதலில் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. அடிக்கிறதுக்கு முன்னால் தலையில் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டால் முகம் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வீடு அது ஒரு சாமான் ஆயிற்று. மூடாக்கு என்று பேர் வைத்தார்கள். முதலில் சாக்கைத்தான் கவிழ்த்தார்கள். சாக்கு மூக்கை அறுக்கிறது என்று பெண்கள் தாங்களே பழைய வேட்டியை மடித்து, கழுத்துப் பக்கம் சுருக்கு வைத்து, மெத்தென்று தைத்துக்கொண்டார்கள். அடுப்பங்கரை ஆணியில் கரித்துணிக்குப் பக்கத்தில் அது தொங்கியது. வாத்தியாருக்கும் பள்ளிக்கூட நிர்வாகத்திலிருந்து ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீர் வரிசையில் ஒன்றை மடித்து வைத்த தாயும் உண்டு.

தொம்மைக்கு மட்டும் மூடாக்கு தேவைப்படவில்லை. ஏனென்றால் மற்றவர்களுக்கு அந்த முகம் கலங்கின தண்ணீரில் தெரிகிற மாதிரி மங்கலாகத்தான் வந்தது. இஞ்ஞாசிக்குத்தான் நெல்மணி அளவு திறந்த கண் வரைக்கும் தெளிவாக வந்தது. அடி வாங்கி வாங்கிப் பதம்பட்ட முகம், அதனால்தான் ஆண்டவர் அங்கே நன்றாகத் தங்குகிறார் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் கூட்டம் சேர்ந்தது. இழுப்புக்காரர்கள் வந்தார்கள், பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள், கடலில் போனவன் திரும்பாத வீட்டிலிருந்து வந்தார்கள். பாயில் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். யாராவது குணமானார்களா என்று கேட்டால் ஒருவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அழுதுவிட்டுப் போகிறபோது நெஞ்சு லேசாக இருந்தது என்றார்கள்.

தொம்மை குடியை விட்டான். வெள்ளை வேட்டி கட்டினான். முன்பு சோற்றுக்காகவும் குழம்புக்காகவும் வந்த கோபம் இப்போது அவனுக்கு வருவதே இல்லை. வெள்ளிக்கிழமை குளித்து, ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருந்து, இஞ்ஞாசியை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் முன்னால் கைகூப்பி, "சேசுவே, என்னை மன்னியும்," என்று கண்ணீரோடு சொல்லிவிட்டு, பிறகு அடித்தான். கோபத்தில் அடித்த அடி இலக்குத் தப்பும். பக்தியில் அடித்தது தப்பவில்லை. இஞ்ஞாசி முதல் வெள்ளிக்கிழமை ஓடிப்போய்க் கித்தேரியம்மாள் வீட்டில் ஒளிந்தாள். கித்தேரியம்மாள்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். "ஆண்டவர் வாரேங்காரு, நீ மாட்டேன்னா எப்படிட்டி?" என்று தலையைத் தடவிக் கொடுத்தாள்.

முகம் வந்ததும் பெண்கள் அவள் காலைத் தொட்டார்கள். அவள் மடியில் குழந்தையை வைத்தார்கள். சேவிக்கிறவர்களுடைய கண்கள் அவளையே பார்த்தன. அவ்வளவு ஆசையோடு, அவ்வளவு தாகத்தோடு யாரும் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் அவளுக்கே அது மனசுக்கு ஒரு மாதிரி சுகமாகக்கூட இருந்தது. பிறகு முகம் கரையும். கரைகிற கணம் அந்தக் கண்களில் விளக்கு அணைகிறது அவளுக்குத் தெரியும். செருப்பைத் தேடுவார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். வாயோரம் கசிகிற இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள், அவளைத் தாண்டிப் போவார்கள். ஒருநாள் ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்து, "எக்கா, கொஞ்சம் தண்ணி மோந்து குடுங்களேன்," என்று கேட்டாள். அந்தப் பெண் அவளைப் பார்த்து, இது யார் என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றுவிட்டு, "இந்தா வாரேன்," என்று போனவள் வரவேயில்லை.

கோயில் திருநாள் கொடியேறியது. ஊர்க் கமிட்டித் தலைவர் லாசர், உப்பளம் வைத்திருக்கிற ஆள், கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "இந்த வருசம் சப்பரத்துல மரச் சுரூபம் எதுக்கு? உசுருள்ள ஆண்டவரே நம்ம ஊர்ல இருக்கச்சே? இஞ்ஞாசிய சப்பரத்துல உக்கார வைப்போம். தெருவுக்குத் தெரு முக்குல சப்பரம் நிக்கட்டும். தொம்மை கூட நிக்கட்டும்." எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. பங்கிராஸ் சாமியார் மட்டும் கோயிலைப் பூட்டுவேன் என்றார். "பூட்டிச் சாவிய நீங்களே வச்சிக்கிடுங்க சாமி. சப்பரம் தெருவுலதானே சுத்துது," என்றார் லாசர் மரியாதையாக.

அன்று சாயங்காலம் சாமியார் இஞ்ஞாசி வீட்டுக்கு வந்தார். தொம்மை கோயில் வேலைக்குப் போயிருந்தான். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி," என்றாள்.

"இஞ்ஞாசி, நீ ஊர் முன்னால வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் உன் பக்கம் நிக்கேன். ஆயர் வீட்டுக்குப் போறேன், போலீசுக்குப் போறேன். நீ சொல்லணும், அவ்வளவுதான்."

அவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "நான் சொன்னா என்ன நடக்கும் சாமி?"

"கேப்பாங்க."

"கேக்கமாட்டாவ. அடிப்பாவ. அடிச்சா அவரு வந்துருவாரு. அவரு வந்தபொறவு எல்லாரும் முழங்காலு போட்டுருவாவ. என் பேச்ச யாரு கேப்பா?"

சாமியார் கையிலிருந்த குடையைக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா சாமி? அடிபடாதப்போ அவரு எங்க இருக்காரு?"

"அப்பவும் உன்கிட்டதான் இருக்காரு."

"அப்போ ஏன் யாருக்கும் தெரியமாட்டேங்கு?"

அவர் மீன் செதில் ஒட்டியிருந்த அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்கும் தெரியலியே இஞ்ஞாசி," என்றார். "நானும் அந்த மரத்தைப் பாத்துத்தான் பூசை வைக்கேன்." குனிந்த தலை நிமிராமல் போனார். ஆயர் வீட்டுக்கு அவர் போனாரா என்று யாருக்கும் தெரியாது. போயிருந்தால் அங்கே பொறுத்திருந்து பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

திருநாளன்று சூசையப்பர்குடிக்கு அதுவரை வராத கூட்டம் வந்தது. அவளுக்கு ஊதாப்பட்டு உடுத்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, சப்பரத்தில் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். பேண்டு வாத்தியம் வாசித்தது. பன்னீர் தெளித்தார்கள். முதல் தெருமுக்கில் சப்பரம் நின்றது, தொம்மை ஏறி, கைகூப்பி, மன்னிப்புக் கேட்டு, அடித்தான், முகம் வந்தது, ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் மூச்சிழுத்தது கடல் உள்வாங்குகிற மாதிரிக் கேட்டது. இரண்டாம் தெருவில் முதல் முகம் கரைகிறதுக்கு முன்னாலேயே மறுபடி அடித்தான். அவளுடைய காதுக்குள் ஒரு வண்டு புகுந்து சுற்றியது. மூன்றாம் தெருமுக்கில் கித்தேரியம்மாள் கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, அழுதுகொண்டு, "ஆண்டவரே, என் பிள்ளைக்கு ஒரு வழி காட்டும்," என்று இரண்டு கையையும் நீட்டினாள். வருஷக்கணக்காகப் புளியும் உப்பும் மாற்றிக்கொண்ட அந்தக் கைகளை இஞ்ஞாசி பார்த்தாள். அவை தன்னை நோக்கி நீளவில்லை என்று தெரிந்தது.

"சேசுவே, என்னை மன்னியும்," என்று தொம்மை கையை ஓங்கினான்.

அவள் பக்கத்திலிருந்த மெழுகுதிரித் தண்டைப் பிடுங்கி அவன் தலையில் அடித்தாள்.

வாழ்க்கையில் அவள் ஒருவரையும் அடித்ததில்லை. அடிதடி நடக்கிற இடத்தில் போய் நின்றதும் இல்லை. அதனால் அந்த முகத்தை அவள் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஒளிக்க வேண்டிய நேரங்களில் ஊரார் மூடாக்குப் போட்டு மறைத்துக்கொண்டார்கள், மற்ற நேரங்களில் அது அவள்மேலேயே இருந்தது. இப்போது தொம்மை சப்பரத்திலிருந்து சரிந்து கீழே மண்ணில் மல்லாந்து விழுந்தான். அவள் குனிந்து பார்த்தபோது, நெல்மணி அளவு திறந்த இடது கண் அவளைப் பார்த்தது. வெடித்த உதடு ஏதோ சொல்லப் போகிறது போல அசைந்தது. வேறு எவருக்கும், அவளுக்குக்கூட, வராத தெளிவோடு வந்திருந்தது அது. தண்டு அவள் கையிலிருந்து நழுவியது. "ஐயோ, இவனுக்குமா?" என்று அவள் கத்தினாள்.

கூட்டம் சப்பரத்தின்மேல் ஏறியது. ஆண்டவரை அடித்தவளை அடித்தார்கள். அவளுக்கு முகம் வந்தது. ஆண்டவரை அடிக்கிறார்களே என்று அடித்தவர்களை இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவர்களுக்கு முகம் வந்தது. விலக்கிவிடப் போனவர்களுக்கும், மிதிபட்டவர்களுக்கும், லாசருக்கும், கித்தேரியம்மாளுக்கும், குடையோடு ஓடிவந்து நடுவில் விழுந்த பங்கிராஸ் சாமியாருக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஒரே முகமாக இருந்தது. ஓங்கின கை எல்லாம் எதிரில் இருந்ததைப் பார்த்து அந்தரத்தில் நின்றது. தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். எல்லாம் ஒன்றாக இருந்ததில் அடையாளம் தெரியாமல், சட்டையின் நிறத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டார்கள். பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். யாரும் முழந்தாளிடவில்லை. யாரை நோக்கி முழந்தாளிடுவது என்று தெரியாமல் அப்படி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்கள். இருட்டுகிற மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கரைந்து, அவரவர் முகம் அவரவருக்குத் திரும்பி வந்தது. வந்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளிலிருந்து அடிபட்டவருக்கு முகம் வருவது நின்றுபோயிற்று. வாத்தியார் ஒரு பிள்ளையைப் பயந்து பயந்து ஓர் அடி அடித்துப் பார்த்தார். பிள்ளை பிள்ளையாகவே அழுதது. ஊருக்கு மூச்சு வந்தது. பழையபடி எல்லோரும் வெறும் முகத்தில் அடித்துக்கொண்டார்கள். மூடாக்குகளைப் பிரித்து, சோற்றுப் பானை இறக்கக் கைப்பிடித் துணியாக வைத்துக்கொண்டார்கள்.

தொம்மை சாகவில்லை. சப்பரத்திலிருந்து தவறி விழுந்தான் என்று போலீசுக்குச் சொன்னார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல், பேச்சில்லாமல், ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிலோடு திரும்பி வந்தான். அவனுக்கு வந்த முகம் மட்டும் கரையவில்லை. அதனால் கொஞ்ச காலம் மறுபடியும் வாசலில் ஆள் வந்து நின்றது. இஞ்ஞாசி கதவைச் சாத்திக்கொண்டாள். "உள்ள கிடக்கது எம் புருசன். சேசு இல்ல. அவரைப் பாக்கணும்னா உங்க உங்க வீட்டுக்குப் போயி அங்க யாரு இருக்கான்னு பாருங்க," என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று போய்விட்டார்கள்.

அவள் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், பீ மூத்திரம் அள்ளினாள், புண் வைக்காமல் புரட்டிப் போட்டாள். பாசத்தால் இல்லை. அவளுக்கு அவனோடு ஒரு வழக்கு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த பேச்செல்லாம் தொண்டையில் நின்றது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது? வாயைத் திறந்தால் செபம்தான் வந்தது. வெறுக்கக்கூட அந்த முகம் அவளை விடவில்லை. தொம்மை திரும்பி வரட்டும் என்று கரண்டியும் கையுமாகக் காத்திருந்தாள். மழைக்காலம் வந்து பாத்திகளெல்லாம் நிறைந்தன, வடிந்தன, மறுபடியும் வெள்ளை பூத்தன.

ஒரு காலையில் கஞ்சியோடு போனபோது கட்டிலில் தொம்மை கிடந்தான். நரைத்த தாடி, சப்பை மூக்கு, பீடிக் கறை பிடித்த பல். இரண்டு கண்ணும் முழுக்கத் திறந்து பயத்தோடு அவளைப் பார்த்தன. அவள் கஞ்சியைக் கீழே வைத்தாள். கதவைத் தாழிட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏல தொம்மை," என்றாள். அவன் பேரை அவள் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை.

உச்சிப்பொழுது வரை பேசினாள். உடைந்த வளையலைச் சொன்னாள். கேட்காமல் போன காதைச் சொன்னாள். வயிற்றிலேயே கரைந்துபோன பிள்ளையைச் சொன்னாள். அதற்கு அவள் மட்டும் மனசுக்குள் வைத்திருந்த பேரைச் சொன்னாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அழுதுகொண்டே அடித்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை என்று சொன்னாள். ஒரு தடவை கையை ஓங்கினாள். அவனுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியவில்லை; கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டான், அவள் வழக்கமாக மூடிக்கொள்கிற மாதிரியே. ஓங்கின கை அங்கேயே நின்றது. இப்போது அடித்தால் எதுவும் வராது, யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூடின இமைகளின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. அது மன்னிப்புக் கேட்கிற கண்ணீரா, பயத்தில் வந்த கண்ணீரா என்று அவள் வெகுநேரம் பார்த்தாள். தெரியவில்லை. கையை இறக்கினாள்.

ஆறிப்போன கஞ்சியைச் சூடுபண்ணிக்கொண்டு வந்து தாழ்ப்பாளை எடுத்தபோது வாசலில் பங்கிராஸ் சாமியார் நோயாளிக்குக் கொடுக்கிற நற்கருணையோடு நின்றிருந்தார். எட்டிக் கட்டிலைப் பார்த்தார்; அங்கே தொம்மையின் முகத்தைக் கண்டதும் அவர் தோள் தளர்ந்தது.

"போயிட்டாராம்மா?" என்றார்.

இஞ்ஞாசி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். வாயோரம் எச்சில் ஒழுக, ஒரு மனுஷன் பசியோடு கிடந்தான்.

"யாரு சாமி? எங்க போயிட்டாரு?" என்றாள். உட்கார்ந்து, முந்தானையால் அவன் வாயைத் துடைத்து, முதல் கரண்டிக் கஞ்சியை ஊதினாள்.